திருவிழாவுக்காக எடுத்த முட்டு

சிகாகோ
ஏப்ரல் 9, 1989

அன்புள்ள அல்டோனா அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் மணிக்கட்டு வலி மட்டும் விட்டபாடில்லை. மாவு பிசைவதை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு நெஞ்செரிச்சல் குறைந்ததா? காபியைக் குறைத்தாயா?

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். போன் கடையில் இருக்கிறது, அம்மாவும் பக்கத்திலேயே இருப்பாள். அதுவுமில்லாமல், போனில் என்னிடமிருந்து "ம்", "இல்ல" தவிர வேறெதுவும் வராது என்று உனக்கே தெரியும்.

நம் பேக்கரிக்கு எதிரே புது மேம்பால ரயிலுக்குத் தூண்கள் எழும்பிவிட்டன. செவ்வாய்க்கிழமை காலை நீளமான லாரி ஒன்று பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரத்தை, முதல் கர்டரைக் கொண்டுவந்தது. நம் கட்டடத்தைப் படுக்கவைத்தாலும் அத்தனை நீளம் வராது. பக்கவாட்டில் பார்த்தால் நேராகத்தான் இருந்தது. லாரிக்குப் பின்னால் போய் அதன் ஓரத்தோடு கண்ணை வைத்துப் பார்த்தேன், வில் மாதிரி வளைந்திருந்தது.

அம்மா வாசலில் நின்று, "வர்ற வழியிலேயே வளைச்சிட்டானுங்க. இனிமே திருப்பிக் கொண்டுபோகணும்" என்றாள். காபி வாங்க வந்த இரும்பு வேலைக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி கோர்மன் மட்டும் சிரிக்காமல், "தெரு இங்க திரும்புதுல்லம்மா, ரயிலும் திரும்ப வேணாமா?" என்று கேட்டார்.

எனக்கு அவரிடம் கேட்க நிறைய இருந்தது. காபிக் கோப்பைக்கு மூடி போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதனால் உன்னைக் கேட்கிறேன். அவ்வளவு பெரிய இரும்பை எப்படி வளைக்கிறார்கள்? கொல்லன் மாதிரி சூடாக்கியா? நீ பிட்ஸ்பர்க் அலுவலகத்தில் வரைவது இந்த மாதிரி சாமான்களைத்தானே?

நான் பள்ளிக்கூடத்தை விட்டது பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை.

உன் தங்கை
விலியா


பிட்ஸ்பர்க்
ஏப்ரல் 18, 1989

அன்பு விலியாவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் நெஞ்செரிச்சல் பாதி போயிற்று. மீதியைக் காபி காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அம்மாவை வெந்நீரில் கை வைக்கச் சொல். கேட்கமாட்டாள், இருந்தாலும் சொல்.

உன் எதிரே வந்து இறங்கிய அந்த வளைவு நான் போட்டது, விலியா. இந்த அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து மற்றவர்கள் வரைந்த நேர்ப் பாலங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வளைவை மட்டும் எங்கள் தலைமைப் பொறியாளர் ஹால்வர்சன் முழுதாக என்னிடம் கொடுத்தார். "நேர்ப் பாலம் போட்டுப் பழகினவங்க வளைவையும் நேராத்தான் நினைப்பாங்க. உனக்கு இன்னும் பழக்கமே வரல, நீ போடு" என்றார். அது பாராட்டா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இரும்பை வளைப்பதில்லை. கர்டரின் மேலேயும் கீழேயும் படுத்திருக்கும் பட்டைகளை அகலமான தகட்டிலிருந்து வளைவாகவே வெட்டி எடுக்கிறார்கள், நீ இஞ்சிப் பிஸ்கட் வெட்டுகிற மாதிரி. நடுவில் நிற்கிற தகடு உயரமாக இருந்தாலும் மெல்லியது. பட்டைகள் போகிற பக்கம் அதுவும் போய்விடும்.

வரைந்தவர்களைத் தளத்துக்கு அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை. ஹால்வர்சன்தான் போவார். அதனால் நீ பார்த்து எழுது. எது தோன்றினாலும் எழுது.

அம்மாவிடம் மட்டும் இது என் பாலம் என்று சொல்லாதே. அப்பா போனதும் அடுப்பை விட்டுவிட்டு ஓடியவள் என்ற கோபம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. கடை வாசலையும் மறைத்தவள் என்று அதோடு சேர்ந்துகொள்ளும்.

நீ எழுதாததைப் பற்றி நானும் கேட்கவில்லை, பார்.

அக்கா
அல்டோனா


சிகாகோ
மே 2, 1989

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம், அங்கே நீயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மா வெந்நீரில் கை வைத்தாள். "யார் சொன்னா?" என்று கேட்டாள். வானொலியில் சொன்னார்கள் என்றேன்.

நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு உன் கர்டர் மேலேயே கண். ஒரு நாள் அடுப்பிலிருந்து எடுத்த பிறை ரொட்டி ஒன்றை இரண்டு முனைகளிலும் விரலால் தாங்கித் தூக்கினேன். அது நிற்கவே இல்லை, வளைந்த வயிறு வெளிப்பக்கமாகக் கவிழ்ந்துவிட்டது. நேரான ரொட்டிக் குச்சி ஒழுங்காக நின்றது. இன்னொரு பிறை ரொட்டியை எடுத்தேன், அதுவும் கவிழ்ந்தது. மூன்றாவதை எடுத்தபோது அம்மா, "ரொட்டிக்கு வித்தை காட்டுறியா, இல்ல ரொட்டி உனக்கு வித்தை காட்டுதா?" என்றாள்.

உன் கர்டரும் அப்படிக் கவிழப் பார்க்குமா?

இன்று கவனித்தேன். இரண்டு கர்டர்களையும் தூண்களுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். ஆனால் தூண்களுக்கு நடுவே, சரியாகத் தெருவின் மத்தியில், இரும்புக் கம்பிகளால் கட்டிய ஒரு உயரமான முட்டு நின்று அவற்றைத் தாங்குகிறது. அதனால் தெருவை அடைத்துவிட்டார்கள். கார்கள் வருவதில்லை. காலையில் பன்றி இறைச்சி வைத்த பேகன் பன்னுக்கு வரிசை நிற்குமே, இப்போது வரிசையும் இல்லை, கோர்மனின் ஆட்கள் மட்டும்தான். ஜூன் மாதம் நம் பங்குக் கோயில் திருவிழா. எல்லா ஆண்டும் நம் தெருவில்தான் மேடை போடுவார்கள். இந்த முறை எங்கே போடுவது என்று அம்மா தினமும் பாதிரியாரோடு சண்டை போடுகிறாள்.

அந்த முட்டு எதற்கு, அக்கா? எத்தனை நாள் நிற்கும்?

விலியா


பிட்ஸ்பர்க்
மே 11, 1989

அன்பு விலியாவுக்கு,

இங்கே இளவேனிற்காலத்துச் சளி. மற்றபடி சுகம்.

உன் கடிதத்தை ஹால்வர்சனிடம் காட்டினேன். ரொட்டி இடத்தை இரண்டு முறை படித்தார். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பிறை ரொட்டி வாங்கிவந்து மேசையில் தூக்கிப் பார்த்தார். அவர் கோட்டெல்லாம் துகள்.

நீ பார்த்தது சரி. வளைந்த கர்டர் தன் எடையாலேயே கீழே தொய்யும், வெளிப்பக்கமாகவும் முறுக்கும். வெளி வளைவில் இருப்பது உள்ளே இருப்பதைவிட அதிகம் தொய்யும். தனியாக விட்டால் இரண்டும் அதனதன் போக்கில் போகும். அதனால் இரண்டுக்கும் இடையே குறுக்குச் சட்டங்கள் வைத்து போல்ட் போட்டு, ஒன்றாக்கிவிடுவோம். நேர்ப் பாலத்தில் குறுக்குச் சட்டம் துணைக்கு இருக்கும். வளைவில் அதுதான் பாலத்தைப் பிடித்துவைப்பது.

அந்தச் சட்டங்களின் துளைகளை, கர்டர் கொஞ்சமும் தொய்யாமல் இருக்கும்போது பொருந்துகிற மாதிரி போட்டிருக்கிறேன். தொய்யாமல் பிடித்துக்கொள்ளத்தான் முட்டு. கடைசிச் சட்டம் மாட்டி முடியும் வரை அது நகரக்கூடாது. ஜூலையில் எடுத்துவிடுவார்கள். அம்மாவின் திருவிழாவை இந்த ஆண்டு கோயில் மைதானத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லேன். ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதே.

அல்டோனா


சிகாகோ
ஜூன் 6, 1989

அன்புள்ள அக்கா,

உன் சளி போயிருக்கும் என்று நம்புகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது. திருவிழா வேலை.

சனியும் ஞாயிறும் நல்ல வெயில். மேடை நம் வாசலுக்கு எதிரேயே. அக்கார்டியன் வாசித்தார்கள், வயதானவர்கள்கூட ஆடினார்கள். நம் பூர்வீக நாடான லிதுவேனியாவிலிருந்து வரும் செய்திகளைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். நாங்கள் சுட்ட கறுப்பு ரொட்டி ஞாயிறு மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. அம்மா பாடினாள். அப்பா போன பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை. உன் பெயரைச் சொல்லி இரண்டு பேர் விசாரித்தார்கள். "படம் போடுறா, பிட்ஸ்பர்க்ல" என்றாள். வழக்கமாக அதோடு ஒரு பெருமூச்சும் வரும், அன்றைக்கு வரவில்லை.

நான் உள்ளே நின்று பன் எடுத்துக் கொடுத்தேன். ஆடவில்லை.

வேறு செய்தி ஒன்றும் இல்லை.

விலியா


பிட்ஸ்பர்க்
ஜூன் 15, 1989

அன்பு விலியாவுக்கு,

அம்மா பாடினாள் என்று படித்ததும் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுவிட்டேன். அது ஒன்றுதான் இந்த மாதம் வந்த நல்ல செய்தி.

இங்கே நிலைமை சரியில்லை. நடுவில் வரும் குறுக்குச் சட்டங்கள் பொருந்தவில்லையாம். சட்டத்தின் துளையும் கர்டரின் துளையும் நேருக்கு நேர் வராமல் கட்டைவிரல் அகலம் தள்ளி நிற்கின்றன. வரைபடம் தவறு என்று ஒப்பந்தக்காரர் எழுதிவிட்டார். துளைகளைக் குடைந்து பெரிதாக்கி, சங்கிலி போட்டு இழுத்து மாட்டிவிடலாம் என்கிறார்.

அப்படி மாட்டினால், தொய்ந்து முறுக்கிய நிலையிலேயே பாலம் பூட்டப்பட்டுவிடும். நான் கணக்கிடாத பாரத்தை இந்தச் சட்டங்கள் காலமெல்லாம் சுமக்க வேண்டும். அதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் தவறு என்னுடையது என்றால் கையெழுத்துப் போட என்னை யாரும் கேட்கப்போவதும் இல்லை. இனி என் கையில் பாலம் கொடுக்கமாட்டார்கள். ஹால்வர்சன் அதைச் சொல்லவில்லை. ஆனால் என் மேசைக்கு வரவேண்டிய அடுத்த வேலை பக்கத்து மேசைக்குப் போய்விட்டது.

எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டேன். தவறு தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல். தெரு நடுவே அந்த முட்டு நிற்கிறதா? "நிக்குது, எல்லாம் படத்துல இருக்கிறபடிதான்" என்கிறார்கள். மே மாதம் உயரம் அளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. முட்டு நிற்கும்போது மறுபடி எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நீ ஜன்னலிலிருந்து பார்த்து எழுது.

அல்டோனா


சிகாகோ
ஜூன் 24, 1989

அன்புள்ள அக்கா,

நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

முட்டு நிற்கிறது.

இங்கே வெயில் அதிகம். அடுப்பறையில் நிற்க முடியவில்லை. குளிர்ந்த பீட்ரூட் சூப்தான் மூன்று வேளையும். அம்மாவின் மணிக்கட்டு பரவாயில்லை. மேல்வீட்டுக்காரர் புதிதாக ஒரு நாய் வாங்கியிருக்கிறார், பழுப்பு நிறம். அது கிரேனைப் பார்த்துக் குரைக்கிறது.

கோர்மனின் ஆட்கள் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. பன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

விலியா


பிட்ஸ்பர்க்
ஜூலை 3, 1989

அன்பு விலியாவுக்கு,

பார்த்து எழுதியதற்கு நன்றி. நீ எழுதினால் நான் நம்புவேன். முட்டு நிற்கிறது என்றால் தவறு என்னுடையதுதான்.

என்னவென்று மட்டும் தெரியவில்லை. தெரிந்தால் தூங்கிவிடுவேன். தெரியாமல் ஒத்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இருபதாம் தேதி காலை, உங்கள் தெருவில் இருக்கும் தளக் கொட்டகையில் கூட்டம் வைத்திருக்கிறார்கள். தெருக்காரர்களின் தூசிப் புகார், சத்தப் புகார் எல்லாம் முதலில் கேட்பார்கள். பிறகு பாலம். ஹால்வர்சன் வருவார். என்னைக் கூப்பிடவில்லை. வரைபடம் தவறு என்று நான் எழுதிக் கொடுப்பதை அவர் எடுத்துவருவார். மறுநாளே துளைகளைக் குடையத் தொடங்குவார்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் வேண்டாம். நாய்க்கு என்ன பெயர் வைத்தார்கள்?

அல்டோனா


சிகாகோ
ஜூலை 13, 1989

அன்புள்ள அக்கா,

நலம் விசாரித்து ஆரம்பிக்க முடியவில்லை, மன்னித்துவிடு.

முட்டு நிற்கிறது என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் இடையில் மூன்று நாள் அது அங்கே இல்லை. திருவிழாவுக்காக வெள்ளிக்கிழமை அதை எடுத்தார்கள். திங்கட்கிழமை அதே இடத்தில் திரும்ப வைத்தார்கள்.

எடுக்கச் சொன்னது அம்மா. மே மாதக் கடைசியில் தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி, ஒரு கேக்கும் செய்து எடுத்துக்கொண்டு கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்து ஒப்பந்தக்காரருக்குப் போன் போனது. உன் மே மாதக் கடிதம் அப்போது என் பெட்டியில் இருந்தது, முட்டு நகரக்கூடாது என்று நீ எழுதியது. உன் பாலம் என்று சொல்லாமல் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் மேடை வந்துவிட்டது.

இன்னொன்றும் பார்த்தேன். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் முட்டின் தலையும் கர்டரின் அடியும் என் கண்ணுக்கு நேரே இருக்கின்றன. மே மாதம் இரண்டும் ஒட்டியிருந்தன. இப்போது இடையில் மெல்லிய கோடாக வானம் தெரிகிறது. எதையும் தாங்காமல் முட்டு சும்மா நிற்கிறது, இல்லையா? கர்டர் தொய்ந்த பிறகு, முட்டின் தலையைக் கொஞ்சம் இறக்கி அதற்குக் கீழே கொண்டுபோய் வைத்ததால்தானே?

கோர்மன் கடைக்கு வந்தபோது அம்மாவிடம், "மூணே நாள்தானே எடுத்தோம், அதே இடத்துல வெச்சாச்சு. அதுல என்ன வந்திருக்கும்?" என்று சொன்னதைக் கேட்டேன். அவர் ஒளிக்கிற மாதிரி தெரியவில்லை. அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் ஒப்பந்தக்காரர் யாரிடமும் பேச வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறாராம்.

கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். "உனக்கெதுக்கு? வாய மூடிட்டு மாவப் பாரு. கவுன்சிலரையே மாட்டிவிடுவியா? தெருவே நம்ம மேல பாயும்" என்றாள். அப்புறம்தான் சொன்னேன், அது அல்டோனா போட்ட பாலம் என்று.

அவள் என்னை விலக்கிவிட்டு, வலிக்கிற கையாலேயே மாவைப் பிசைந்தாள். பொழுது சாயும் நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அக்காவுக்காகத் தங்கச்சி எழுதற கடுதாசியை எவன் நம்புவான்?"

அது சரிதான் என்று எனக்கும் தோன்றுகிறது. நீ ஒத்துக்கொண்டு எதுவும் எழுதிக் கொடுத்துவிடாதே.

விலியா


சிகாகோ
ஜூலை 22, 1989

அன்புள்ள அக்கா,

நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமையிலிருந்து இங்கே மழை. வாசலில் தண்ணீர் நிற்கிறது. கோர்மனின் ஆட்கள் நனைந்துகொண்டே வந்து காபி வாங்குகிறார்கள். நாயின் பெயர் பரோன்.

கறுப்பு ரொட்டி இந்த வாரம் கொஞ்சம் புளித்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் கடையை ஒரு மணி நேரம் மூட வேண்டியிருந்தது. திரும்பி வருவதற்குள் மாவு அதிகம் பொங்கிவிட்டது.

வேறு ஒன்றும் இல்லை. உன் பதிலை எதிர்பார்க்கிறேன்.

விலியா


பிட்ஸ்பர்க்
ஜூலை 29, 1989

என் விலியாவுக்கு,

மாவு பொங்கியதாமே. நீ எழுதாததையெல்லாம் ஹால்வர்சன் வந்து சொல்லிவிட்டார்.

உன் பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தோடு அவரிடம் ஓடினேன். வரைபடம் தவறு என்று நான் எழுதி வைத்திருந்ததை அவரே கிழித்துப்போட்டார். ஆனால், "இதை வெச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுக் கடிதம். அங்க யாராவது வாயத் திறக்கணும்" என்றார். உன்னைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னதற்கே பள்ளியை விட்டவள் நீ.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தூசிப் புகார் முடிந்ததும் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாளாம். வாயைத் திறந்தாளாம், ஒன்றும் வரவில்லையாம். கவுன்சிலரின் உதவியாளர், "என்னம்மா, தூசியா, சத்தமா?" என்று கேட்டிருக்கிறார். கொட்டகையில் சிலர் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பெண் உட்காரவில்லையாம். சிவந்த முகத்தோடு நின்றுகொண்டே இருந்தாளாம். அப்புறம், "முட்டு" என்று ஒரே சொல். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாளாம்.

அப்போது பக்கத்திலிருந்த, ஏப்ரனெல்லாம் மாவாக ஒரு அம்மா எழுந்தாராம். "அவ சொல்லமாட்டா, நான் சொல்றேன். அந்த முட்டைத் திருவிழாவுக்காக எடுக்கச் சொன்னது நான். மூணு நாள் அது அங்க இல்ல. தெருவே பார்த்துச்சு, இப்ப எல்லாரும் தரையப் பாக்குறீங்க. அந்தப் பாலத்தைப் போட்டது என் மூத்த மக. எனக்கும் அவளுக்கும் ஆயிரம் இருக்கும், அது எங்க வீட்டு விவகாரம். ஆனா அவ அளவு தப்பமாட்டா. கேக் வெட்டச் சொன்னா அளவுகோலைத் தேடுற பொண்ணு. கடைக்காரிக்கு அது எவ்வளவு தொல்லை தெரியுமா?"

கவுன்சிலரின் ஆள், "மேடம், இது பதிவாகுது" என்றாராம். "பதிவாகட்டும். என் பேரை ஒழுங்கா எழுதிக்க: ஸ்டெஃபா" என்றாராம் அம்மா.

ஒப்பந்தக்காரர் கோர்மனைப் பார்த்தார். கோர்மன் தொப்பியைக் கழற்றி, "எடுத்தோம். வெச்சோம். அதனால ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்" என்றார். ஹால்வர்சன் மழையில் ஏணி வைத்து ஏறியிருக்கிறார். பையிலிருந்த பென்சிலை முட்டுக்கும் கர்டருக்கும் இடையில் தள்ளினார், அது அந்தப் பக்கம் போய் விழுந்தது. கீழே இறங்கிவந்து துளைகளைக் குடைய வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

இனி, முட்டின் மேல் ஜாக்கி வைத்து இரண்டு கர்டர்களையும் மே மாதம் அளந்த உயரத்துக்குத் தூக்கப்போகிறார்கள். தூக்கினால் துளைகள் நேர்படும் என்பது என் கணக்கு. நேர்படவில்லை என்றால் அம்மா ஊரார் முன் சொன்னது வீண், நீ நின்றதும் வீண். அதனால் இன்னும் தூக்கம் வரவில்லை. ஆகஸ்ட் பத்தாம் தேதி தூக்குகிறார்கள். பார்த்து எழுது. இந்த முறை எல்லாவற்றையும் எழுது.

அல்டோனா


சிகாகோ
ஆகஸ்ட் 11, 1989

அன்புள்ள அக்கா,

முதலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. இனி நீ கேட்டதை எழுதுகிறேன், எதையும் விடாமல்.

நேற்று காலை ஹால்வர்சன் வந்தார். மாடியிலிருந்து பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, "செருப்பக் கழட்டிட்டுப் போங்க" என்றாள். ஜன்னலில் நாங்கள் மூவரும் நின்றோம்.

கோர்மனே ஜாக்கியைப் போட்டார். ஒரு இழுப்பு, பிறகு நிறுத்தி அளப்பது. மறுபடி ஒரு இழுப்பு, மறுபடி அளப்பது. இரும்பு முனகியது. வானக் கோடு முதலில் மறைந்தது. அதன் பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. ஆனால் அவ்வளவு உயரமான கர்டர் மெதுவாக, தூங்குகிறவர் புரண்டு படுப்பது போல, உள்பக்கமாகத் திரும்பியது. நான் கண்ணை எடுக்கவே இல்லை, அதனால் சொல்கிறேன், அது திரும்பியது எனக்குத் தெரிந்தது.

குறுக்குச் சட்டத்தைக் கிரேனில் தூக்கி இடையில் விட்டார்கள். கர்டர் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் கூம்பு மாதிரியான இரும்புக் கம்பியைத் துளையில் வைத்து, அடிக்கச் சுத்தியலை ஓங்கினார். கோர்மன் கீழேயிருந்து, "இரு, இரு. கையால தள்ளிப் பாரு" என்று கத்தினார். அவர் உள்ளங்கையால் தள்ளினார். அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அடுத்த துளை, அடுத்தது. அவர் சுத்தியலை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

ஹால்வர்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுவலகத்துக்குப் பேச வேண்டும் என்று கீழே போனில் பேசினார். "அடுத்த வளைவோட தாள்களை அல்டோனா மேசைலயே வைங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. இதற்குள் உனக்கு அது வந்திருக்கும்.

கோர்மன் பிற்பகலில் தனியாக வந்தார். கல்லாவுக்கு முன்னால் நின்று, "உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்கம்மா, படம் சரியா இருந்துச்சுன்னு" என்றார். அம்மா, "எந்தப் பொண்ணுகிட்ட?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான், "எழுதிடறேன்" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. எழுதிவிட்டேன்.

நல்லது மட்டும் எழுதினால் எல்லாவற்றையும் எழுதியதாகாது. செப்டம்பர் முடியும் வரை தெரு அடைத்துத்தான் இருக்கும். கவுன்சிலர் அலுவலகம் அவர்களுடைய விருந்துக்கு வேறு கடையில் கேக் வாங்கிவிட்டது. பாதிரியார் அம்மாவோடு முன்பு போலப் பேசுவதில்லை. வியாபாரம் குறைந்ததால் சாயங்காலம் கடை காலியாக இருக்கிறது.

அந்த நேரத்தில் அம்மா மாடிக்குப் போய் ஜன்னலில் உட்கார்ந்துகொள்கிறாள். நேற்று போய்ப் பார்த்தேன். கையில் ஒரு பிறை ரொட்டி. இரண்டு முனையையும் விரலில் தாங்கி, அது கவிழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிற்பது தெரிந்ததும் அதைக் கடித்துத் தின்றுவிட்டாள்.

அப்புறம் கேட்டாள். "ரயில் மேல ஏறினா மறுபடி அந்தப் பக்கம் சாயுமே? நிறையப் பேர் ஏறினா? பனி விழுந்தா? அதையெல்லாம் அவ யோசிச்சிருக்காளா?"

எனக்குத் தெரியவில்லை, அக்காவிடம் கேட்கிறேன் என்றேன்.

"எழுத வேணாம். நேர்ல வந்து சொல்லச் சொல்லு" என்றாள்.

விலியா